பை டூ

ஜூடித்துக்குக் கட்டம் பார்க்கத் தெரியும். ஜாதகக் கட்டம் அல்ல. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பத்துப் பெண்ணுக்கு அந்த வம்பெல்லாம் வேண்டியதில்லை. அவள் பார்ப்பது மாத்திரைக் கட்டம். வழக்கமான மருந்துக்குப் பணியாத காசநோய் வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை போடுவார்கள். மாதத்துக்கு ஒரு வரிசை, நாளுக்கு ஒரு கட்டம். மாத்திரையை விழுங்கினால் டிக், விழுங்காவிட்டால் காலி. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மாத்திரை, அப்படிப் பதினெட்டு மாதம், சிலருக்கு இருபது. கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு என்று பீற்றிக்கொள்கிறவர்கள்கூட மூன்றாம் வாரத்தில் வாளியைத் தேடுவார்கள்.

மைசூரில் பதினோரு வருஷமாக இதுதான் அவளுக்கு வேலை. ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுக்க வேண்டும், விழுங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அட்டையில் குறிக்க வேண்டும். வேலை அரசாங்கத்துடையது, ஆள் மட்டும் ஒப்பந்தம். மார்ச் மாதம் வந்தால் இந்த வருஷம் புதுப்பிப்பார்களோ மாட்டார்களோ என்று கவலை பிடித்துக்கொள்ளும். அவள் பொறுப்பில் அப்போது நாற்பத்தொரு பேர் இருந்தார்கள்.

காலிக் கட்டங்கள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பார்த்தே அந்த மனுஷருடைய பிழைப்பைச் சொல்லிவிடுவாள். சிவகுமார் என்று ஒரு கல்யாணச் சமையல்காரர் இருந்தார். அவருடைய அட்டையையும் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்தால் போதும். முகூர்த்த நாளெல்லாம் காலி, ஆடி மாதம் மட்டும் நாற்று நட்டதுபோல வரிசையாக டிக். அடுப்பு முன்னால் நின்று குமட்டினால் யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்பார். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஒருவருக்குத் திங்கள்கிழமைதோறும் ஓட்டை. ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கே இருந்தார் என்று கேட்க வேண்டியதே இல்லை, பேசும்போதே மணக்கும். வைஷாலி என்கிற கல்லூரிப் பெண் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் பத்து நாள் முன்னால் நிறுத்திவிடுவாள். அந்த மருந்துகளில் ஒரு செம்பழுப்புக் கேப்ஸ்யூல் இருக்கிறது. இரண்டு மூன்று மாதத்தில் ஆளைக் கறுக்கடித்துவிடும், முகமே வேறாகிவிடும். நிறுத்தினாலும் அது லேசில் போகாது, ஒரு வருஷம்கூட ஆகும். சொன்னால் கேட்டால்தானே. "ஸ்வல்ப கம்மி ஆகும் ஆன்ட்டி, போட்டோவுக்கு மட்டும்" என்பாள்.

எல்லாவற்றையும்விடப் பொல்லாத ஓட்டை ஆறாம் மாதத்துக்கு மேல் விழுவது. இருமல் நின்றிருக்கும், பசி எடுத்திருக்கும், சளியில் கிருமி இல்லை என்று காகிதம் வந்திருக்கும். நல்லாகிவிட்டது என்கிற நினைப்புதான் இந்த நோயில் மிச்சமிருக்கிற நோய்.

முதல் இரண்டு மூன்று வருஷம் ஜூடித் இவர்களிடம் கத்துவாள். பிறகு கோபம் போய் அலுப்பு வந்து குந்திக்கொண்டது. தன்னுடைய பிரஷர் மாத்திரை ஒன்றே ஒன்று, அதையே வாரத்தில் இரண்டு நாள் மறக்கிறவள் அவள். அவள் கணவர் பர்னபாஸ் தினம் காலையில் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்கும்போது சுள்ளென்று வரும். அந்த ஒரு கேள்வியை நாற்பத்தொரு பேரிடம் தினம் கேட்டுவிட்டு வருகிறவளிடம் அதே கேள்வியைக் கேட்டால் எப்படி இருக்கும்? அதோடு, போகிற இடமெல்லாம் அவள் ஒளிந்துதான் போக வேண்டும். அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாள், வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்துவாள், மருந்துப் பெட்டியை ஜவுளிக்கடைப் பையில் எடுத்துப்போவாள். அக்ரஹாரத்தில் ஒரு சந்தில் அவளைச் சேலை விற்கிறவள் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். "மைசூர் சில்க் இருந்தா காட்டும்மா" என்று ஒரு மாமி மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தச் சந்தின் கோடியில்தான் ஜடையன் இருந்தார். அலுத்துப்போனவளுக்கு அவர் ஒரு வரம் மாதிரி வாய்த்தார்.

ஜடையன் ஹனூர்ப் பக்கத்துத் தமிழர். மழையை நம்பிய புஞ்சைக் காடு கைவிட்டதும் மைசூருக்கு வந்து, புதுவீடுகளுக்குத் தரை பாலிஷ் போடுகிற வேலையில் சேர்ந்தவர். இருபது வருஷம் கல் தூசைத் தின்றார். முதல் தடவை காசநோய் வந்தபோது மூன்று மாதம் மாத்திரை போட்டார், உடம்பு தேறியது, விட்டுவிட்டார். அது கொம்பு முளைத்துத் திரும்பி வந்தது. இரண்டாம் தடவை அவரை ஜூடித்திடம் ஒப்படைத்தபோது எடை முப்பத்தொன்பது கிலோ. அவர் மனைவி மாதம்மா விஜயநகரில் ரிட்டயரான ஒரு தம்பதி வீட்டில் சமையல் செய்தாள். அவர் படுத்ததிலிருந்து அந்தச் சமையல்தான் குடும்பம். அந்த வீட்டில் கணவனுக்கு ஆஸ்துமா என்று சொல்லி வைத்திருந்தாள். பொண்ணு பூங்குழலியைச் சொந்த ஊரிலேயே கட்டிக்கொடுத்தாயிற்று, இங்கே ஒற்றை அறையில் இவர்கள் இரண்டு பேர்தான்.

ஜடையன் அட்டையில் ஒரு காலிக் கட்டம் கிடையாது. ஒன்றுகூட. காலியான மாத்திரை அட்டைகளை எண்ணி, ரப்பர் பேண்டு போட்டு எடுத்து வைத்திருப்பார். நாலாம் மாதத்தில் சளி சுத்தமாகிவிட்டது. மாதாந்தரக் கூட்டத்தில் ஜூடித் அவருடைய அட்டையை எடுத்துக் காட்டினாள், மேலதிகாரி எல்லாரையும் கைதட்டச் சொன்னார். பதினோரு வருஷத்தில் அவளுக்காகக் கைதட்டல் விழுந்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் தினமும் போவதை விட்டாள். ஒரு மாதத்து மருந்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, பத்து நாளைக்கு ஒரு தடவை போய்ப் பத்து நாளுக்கும் சேர்த்து டிக் போட்டாள். நன்றாகப் படிக்கிற பையன் நோட்டை எந்த வாத்தியார் வரிவரியாகத் திருத்துகிறார்? எல்லாரையும் பார்த்துக் களைத்த பிறகு கடைசியாக அந்த வீட்டுக்குப் போவாள். மாதம்மா இருந்தால் காப்பி கிடைக்கும். "ஜடையண்ணா, உங்க வீட்டுக்கு வந்தாத்தான் எனக்கு நிம்மதி" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறாள். அவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். ஒரு தடவை மாதம்மாவைப் பார்த்து, "என்ன இப்படிக் கறுத்துப்போயிட்ட? பஸ் ஸ்டாப்ல வெயில் காயறியா?" என்று கேலியும் செய்தாள். அவளும் சிரித்தாள்.

பதிமூன்றாம் மாதம் சளி ரிசல்ட் வந்தது. கிருமி மறுபடியும் வளர்ந்திருந்தது.

நிர்மலா டாக்டர் காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, எத்தனை நாள் விட்டார் என்று கேட்டார். ஒரு நாளும் விடவில்லை என்றாள் ஜூடித். டாக்டர் அட்டையை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். இப்படி ஓர் அட்டைக்கு இப்படி ஒரு ரிசல்ட் வரக்கூடாதே என்றார். மருந்து முழுக்கப் போயும் கிருமி எழுந்து நிற்கிறது என்றால் அடுத்து கொடுப்பதற்கு அதிகமாக ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜூடித் சந்தின் கோடிக்கு வந்தபோது மாதம்மா எதிரே வேலைக்குக் கிளம்பி வந்துகொண்டிருந்தாள். கையில் டிபன் பை இருந்தது. நடந்து வருகையில் அவள் இடது கால் செருப்பு கழன்று பின்னால் நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை. ஒரு கால் வெறுங்காலாக நாலு அடி, ஐந்து அடி நடந்து வந்து, ஜூடித்தைப் பார்த்து, "வாங்க மேடம், இந்நேரத்துல?" என்றாள்.

அந்த நடையை ஜூடித் நூறு தடவை பார்த்திருக்கிறாள். அந்த மருந்துகளில் ஒன்று மாதக்கணக்கில் உள்ளே போனால் பாதம் எரியும், பிறகு மரத்துப்போகும், செருப்பு கழன்றாலும் தெரியாது. அவள் கண் மாதம்மாவின் காலிலிருந்து முகத்துக்கு ஏறியது. கன்னம், நெற்றி, மூக்கு நுனி எல்லாம் அந்தச் செம்பழுப்புக் கருமை. வெயிலாம் வெயில்! கேலி செய்த தன் வாயிலேயே போட்டுக்கொள்ள வேண்டும்போல இருந்தது. திறந்திருந்த கதவு வழியே, உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருப்பது தெரிந்த ஜடையன் போன வருஷத்தைவிட ஒரு மாற்று வெளுத்திருந்தார். அந்த வெளுப்பைத் தேறிய களை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டவளும் அவளேதான்.

செருப்பை எடுத்து வந்து மாதம்மாவின் காலடியில் போட்டாள். அப்போதுதான் அவள் கீழே குனிந்து பார்த்தாள்.

"உள்ள வா," என்றாள் ஜூடித். கதவைச் சாத்தினாள். "எத்தன மாசமா சாப்பிடற?"

"எதுங்க மேடம்?"

"சுள்ளு பொய்யெல்லாம் எங்கிட்ட வேணாம். கால் எப்பலேர்ந்து மரத்துப்போச்சு?"

மாதம்மா கணவனைப் பார்த்தாள். ஜடையன் கட்டிலை விட்டு எழுந்து நின்றார்.

"அவளக் கேக்காதீங்க மேடம். நாந்தான் குடுத்தனுங்க."

"என்ன குடுத்தீங்க?"

"மாத்திரைதானுங்க." கொஞ்சம் இழுத்துவிட்டு, "பை டூ பண்ணிக்கிட்டமுங்க" என்றார்.

மைசூரில் எந்த ஓட்டலிலும் அது நடக்கிற வழக்கம்தான். இரண்டு பேர் போய் ஒரு காப்பி சொல்லி 'பை டூ' என்றால், ஒன்றையே இரண்டு டம்ளரில் பிரித்துக் கொண்டுவந்து வைப்பான். யாரும் கேவலமாக நினைப்பதில்லை. கார் வைத்திருக்கிறவர்களும் அப்படித்தான் குடிக்கிறார்கள். ஊர் விட்டு வந்த நாளிலிருந்து அவர்கள் இருவரும் ஒரு முழுக் காப்பியைத் தனித்தனியாகக் குடித்ததே இல்லை.

"ஆறாம் மாசம் இவளுக்கு ஓயாத இருமலுங்க," என்றார் ஜடையன். "ஆளும் எளைச்சுப் போனா. டெஸ்ட்டுக்கு வந்தா நீங்க பேரு எழுதுவீங்க. பேரு எழுதுனா விசாரிக்க வருவீங்க. விஜயநகர் ஊட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா நிறுத்திப்போடுவாங்க. அப்பறம் எதைத் திங்கறதுங்க? எனக்குத்தான் சளி சுத்தமாயிருச்சுன்னு நீங்களே சொன்னீங்க. அதுக்கோசரம் ஒத்தப்படைத் தேதி எனக்கு, ரெட்டப்படைத் தேதி அவளுக்குன்னு..."

"முப்பத்தொண்ணுந்தேதி வந்தா அடுத்தாப்புல ஒண்ணாந்தேதியும் அவருக்கே வருமுங்க," என்றாள் மாதம்மா. நியாயம் தவறவில்லை என்று காட்டுவதற்காகச் சொன்னாள்.

ஜூடித் கதவோரம் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஏறக்குறைய எட்டு மாதம். அட்டையில் ஒரு காலிக் கட்டம்கூட இல்லாமல் அந்த மனுஷர் நூற்றிருபது நாள் மருந்தைத் தவறவிட்டிருந்தார். ஒன்று விட்டு ஒன்று காலியாகக் கிடந்திருந்தால் அவள் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பாள். அந்த ஓட்டைகளையெல்லாம் தன் கையாலேயே, பத்துப் பத்தாக, காப்பி குடித்துக்கொண்டே டிக் போட்டு அடைத்தவள் அவள். அவர்கள் ஏமாற்றவில்லை. மருந்து கீழே போகவில்லை, குப்பைக்குப் போகவில்லை, ஒரு மாத்திரை வீணாக்காமல் இரண்டு பேரும் விழுங்கியிருந்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அவர்கள் பயந்துவிடுவார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

"ஏண்ணா, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?" என்றாள் கடைசியில்.

"நீங்க நிம்மதியா காப்பி குடிப்பீங்க. அதக் கெடுப்பானேன்னு..." என்று இழுத்தார் ஜடையன்.

அன்றைக்கே நிர்மலா டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் திட்டவில்லை. உங்கள் நாற்பத்தொரு அட்டையையும் மறுபடி சரிபார்க்கணும் என்றார், நீளமாக மூச்சு விட்டார், அவ்வளவுதான். ஒப்பந்தம் இந்த மார்ச்சில் புதுப்பிக்கப்படுமா என்கிற கவலையைக்கூட அன்றைக்கு ஜூடித் மறந்துபோனாள்.

ஜடையனை வார்டில் சேர்த்தார்கள். இரண்டு மருந்துகளுக்குக் கிருமி பழகிவிட்டது, அவற்றை எடுத்துவிட்டு வேறு இரண்டு. முதல் நாளிலிருந்து மறுபடியும், புது அட்டை. இந்தத் தடவை கேட்குமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. மாதம்மாவுக்கு எக்ஸ்ரே, சளி, ரத்தம், கண், காது எல்லாம் பார்த்தார்கள். விஜயநகர் வீட்டம்மா ஒரு வாரம் லீவு கொடுத்தார். புருஷனுக்கு உடம்பு சரியில்லையென்றால் இருந்து பார்த்துக்கொண்டு வா என்றாராம். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மாதம்மாவின் ரிசல்ட் எல்லாம் வந்ததும் டாக்டர் ஜூடித்தைக் கூப்பிட்டுக் காட்டினார். நுரையீரல் சுத்தமாக இருந்தது. ஜடையனுக்கு மருந்து தொடங்கியபோது வீட்டு ஆள் என்று அவளுக்கும் எடுத்த பழைய எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை, புதியதிலும் இல்லை, வந்து ஆறிய தழும்பும் இல்லை. அவளுக்குக் காசநோய் வந்ததே கிடையாது என்றார் டாக்டர். வேளாவேளைக்குச் சாப்பிடாமல் வயிற்றுப் புளிப்பு தொண்டைக்கு ஏறி வருகிற இருமல் அது. ஊருக்கே சமைத்துப்போட்டுவிட்டுத் தான் மூன்று மணிக்குச் சாப்பிடுகிறவளுக்கு வராமல் என்ன செய்யும்? இரண்டு வாரம் ஒரு சாதாரண மாத்திரை போட்டிருந்தால் நின்றிருக்கும்.

இதைவிட நல்ல சேதி உண்டா? ஆனால் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வார்டுப் பக்கம் நடக்க ஜூடித்துக்குக் கால் வரவில்லை. அவள் வருவதைப் பார்த்ததும் ஜடையன் கையைக் காட்டிக் கூப்பிட்டார். மாதம்மா சாப்பாடு வாங்கப் போயிருந்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னதும் அவர் கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு அவருக்கும் கணக்குப் புரிந்துவிட்டது.

"மேடம், ஒரே ஒரு உபகாரம்," என்றார். முகக்கவசத்துக்குள் மூச்சு வாங்கியது. "சீக்கே இல்லீன்னு அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க. இருந்துச்சு, மாத்திரைல போயிருச்சுன்னு சொல்லுங்க. இல்லீன்னா அவ தாங்கமாட்டாளுங்க. குடுத்தது நானு. அவ வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னா."

ஜூடித் யோசித்தாள். சேலைக்காரியாகப் பதினோரு வருஷம் பொய்யாகத்தானே நடக்கிறாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள். ஒரு பொய் சொல்லி ஒரு பெண்பிள்ளையைத் தூங்கவிடக் கூடாதா? சரி என்று தலையாட்டினாள்.

மாதம்மா வெளியே வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஜூடித் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், "உனக்கு இருந்துச்சு, இப்ப இல்ல. மாத்திரைல போயிடுச்சு. இனி நீ போட வேண்டியதில்ல" என்றாள்.

"மாதேஸ்வரா!" என்று மாதம்மா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் வெளிச்சம் வந்தது. ஜூடித்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா மேடம்! பாதி மருந்துக்கே போயிருச்சே எனக்கு. அப்ப அவர மட்டும் எதுக்குங்க தினமும் முழுசாப் போட்டு வதைக்கறீங்க? நேத்து பூராவும் வாந்தி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடுத்தாப் பத்தாதுங்களா? நானே சாட்சி இருக்கறனே. ஊர்ல என்ற தம்பி பொண்டாட்டி சித்தம்மாகூட ரெண்டு மாசமா இருமிக்கிட்டுக் கெடக்கறா. மிஞ்சற மாத்திரைய அவளுக்கு..."

"மாதம்மா."

"பெரிய ஆசுபத்திரிக்கெல்லாம் அலைய வேண்டாம் பாருங்க..."

"மாதம்மா, நான் சொன்னது பொய்."

மாதம்மா பிடித்திருந்த கை அப்படியே இருந்தது.

"உனக்கு நோயே வரல. எப்பவும் வரல. வெறும் வயித்துப் புளிப்பு. அந்த இருமலுக்கும் இந்த மாத்திரைக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்ப நான் தின்னதெல்லாம்?"

"உனக்கு வேண்டாதது. உன் காலத்தான் கெடுத்துச்சு."

"அவருக்கு வேணுமுங்களா அது?"

"வேணும். ஒவ்வொரு நாளும் வேணும். விட்ட நாள்ல எல்லாம் கிருமி பழகிக்கிச்சு. அதான் இப்ப முதல்லேர்ந்து."

மாதம்மா ஜூடித்தின் கையை விட்டாள்.

"அப்ப நான் அவரு உசுரத் தின்னிருக்கறனுங்களா, மேடம்?"

அப்படியெல்லாம் இல்லை, எல்லாம் சரியாகிவிடும், கடவுள் இருக்கிறார் என்று இந்த மாதிரி நேரத்துக்கு ஜூடித்திடம் தேய்ந்த வார்த்தைகள் எவ்வளவோ உண்டு. நாக்கு நுனி வரைக்கும் வந்தன. பாதி மருந்து போதும் என்கிற நினைப்பு ஹனூர் வரைக்கும் போகக் கிளம்பியதைச் சற்று முன்தான் கேட்டாள். இனி மழுப்ப முடியாது.

"ஆமா," என்றாள். "நானுந்தான். விழுங்கறதப் பாக்காம டிக் போட்டது நான்."

மாதம்மா அழவில்லை. ஜூடித்தைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் ஜூடித் அதை வாங்கி வைத்துக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள். "அந்தப் பொய்ய உங்களச் சொல்லச் சொன்னது அவருதானுங்களே?" என்று மட்டும் கேட்டாள். மாதம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பு காலில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, வார்டுக்குள் போனாள்.

ஜூடித் பின்னாலேயே போய் வாசலில் நின்றாள். ஜடையன் முதலில் ஜூடித்தைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். சொல்லிவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. காலை மடக்கி, கட்டிலில் மாதம்மா உட்கார இடம் விட்டார். அவள் உட்காரவில்லை. சாப்பாட்டைப் பிரித்து நாலு கவளம் சாப்பிட வைத்தாள். நர்ஸ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன மாத்திரைக் கிண்ணத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஏம்புள்ள, மேடம் சொன்னதெல்லாம் மனசுல..." என்று ஆரம்பித்தார்.

அவள் ஒரு மாத்திரையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் வாயில் போட்டுக் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது.

"வாயத் தொறங்க," என்றாள்.

"முழுங்கிட்டம்புள்ள."

"தொறங்க. நாக்கத் தூக்குங்க."

அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் சொன்ன சொல்லை அவள் சோதித்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவர் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். அவள் குனிந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். கிண்ணத்தில் இன்னும் பதினொரு மாத்திரை இருந்தது.